வெள்ளிக்கிழமை வழக்கு

யோகேஸ்வரன் தன் பிள்ளைகளைக் கைநீட்டி அடித்ததில்லை. பெண்சாதி நிஷாந்தி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன அன்று, தலவாக்கலை பஸ் நிலையத்தில் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு அவனிடம் வாங்கிய ஒரே வாக்குறுதி அதுதான். பிள்ளைகள் மேல் கை வைக்கக் கூடாது. அவன் தலையாட்டினான். அவனுடைய அப்பா இடுப்பு வாரால் அடித்து வளர்த்த ஆள். அந்த அடிகளிலிருந்து தான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்பது யோகேஸ்வரனுக்குத் தெரியும். அதனால் வாக்கைக் காப்பாற்றுவது அவனுக்குச் சிரமமாக இருக்கவில்லை. அடிக்காமல் வேறு என்ன செய்வது என்பதில்தான் சிரமமெல்லாம் இருந்தது.

மூத்தவள் பூரணிக்கு அப்போது ஏழு வயது. சின்னவன் மதுரனுக்கு இரண்டு முடிந்திருந்தது. யோகேஸ்வரன் இருட்டோடு எழுந்து அடுப்பு மூட்டி, தேத்தண்ணி வைத்து, ரொட்டி சுட்டு, பூரணியை எழுப்பி, அவள் எழும்பாமல் போக மறுபடியும் எழுப்பி, மதுரனின் ஈரக் கால்சட்டையைக் கழற்றி, பூரணியின் தலையை இரண்டாகப் பிரித்துப் பின்னி, ஒரு பின்னல் காதுக்கு மேலும் இன்னொன்று காதுக்குக் கீழுமாக முடிந்து, அவளைப் பாடசாலைக்கு நடத்திவிட்டு, மதுரனைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓட வேண்டும். பெரட்டில் வரிசையில் நின்று பேர் கொடுத்தால்தான் அன்றைய வேலை. தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாய்மார் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விடும் பிள்ளைக்காம்பராவில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் ஆம்பிளை அவன் ஒருவன்தான். முதல் மாதம் பெண்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கும் அலுத்துவிட்டது.

வேலை கவ்வாத்து. பகல் முழுக்கச் சரிவில் நின்று வயதான தேயிலைச் செடிகளைக் கத்தியால் வெட்டிவிட்டு, தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வீட்டுக்கு வந்தால், பூரணி வீட்டுப்பாடம் செய்திருக்க மாட்டாள். பென்சிலைத் தொலைத்திருப்பாள். பிள்ளைக்காம்பராவிலிருந்து கூட்டிவந்த தம்பியை இஸ்தோப்புத் திண்ணையில் தனியாக விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பாள். யோகேஸ்வரனுக்கு உரத்த குரல் கிடையாது. அவன் ஏசினால் அது ஏதோ கேட்பது போல இருக்கும். பூரணி அதைக் காதில் வாங்கமாட்டாள்.

ஒரு நாள் மாலை, மதுரன் பால்மா கரைத்து வைத்த கோப்பையைத் தட்டிவிட்டு ஓட, பூரணி அதைப் பார்த்துச் சிரிக்க, யோகேஸ்வரனுக்கு எழுந்து நிற்கவும் தெம்பில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான், "இருங்க, வெள்ளிக்கிழமை அம்மாகிட்ட சொல்றேன்."

பூரணியின் சிரிப்பு நின்றது. துணியை எடுத்துவந்து தரையைத் துடைத்தாள். அன்று இரவு சோறும் சத்தமில்லாமல் இறங்கியது.

கையை ஓங்காமல், குரலை உயர்த்தாமல் காரியம் நடக்கிறது. இதைவிட நல்ல வழி அவனுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்த வார்த்தை அவன் வாயில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. எழும்பாவிட்டால் அம்மா. சாப்பிடாவிட்டால் அம்மா. போனை எடுத்து விளையாடினால் அம்மா. பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் நுவரெலியாவிலிருந்து வந்த ஓர் அம்மையார், பிள்ளைகளை அடிக்காதீர்கள் என்று பேசியபோது, பின்வரிசையில் தூங்கி வழிந்துகொண்டிருந்தவன் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தான். தினமும் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள், கூடச் சேர்ந்து விளையாடுங்கள் என்பதெல்லாம் கவ்வாத்துக் கத்தி பிடிக்காதவர்களுக்கான பேச்சு என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

நிஷாந்திக்கு வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகுதான் மேடம் போனைக் கையில் கொடுப்பாள். இங்கே அது பொழுது சாயும் நேரம். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளான அவர்களுடைய லயம் இரண்டு மலைகளுக்கு நடுவில் பள்ளத்தில் கிடக்கிறது. அங்கே சிக்னல் எடுக்காது. லயத்துக்கு மேலே, படியேறிப் போனால், தண்ணீர்த் தாங்கி கட்டிய மேடு இருக்கிறது. அந்த மேட்டில் மட்டும் எடுக்கும். அதனால் வெள்ளிக்கிழமை மாலையில் தோட்டத்தின் பாதிக் குடும்பம் அங்கேதான் நிற்கும். குவைத்தில் பெண்சாதி இருக்கிறவன், ரியாத்தில் அம்மா இருக்கிறவள், கொழும்பில் கடையில் நிற்கும் மகனுக்காகக் காத்திருக்கிறவர்கள். காற்று அடிக்கிற அடியில் போனைக் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது. வீடியோ அழைப்பை ஸ்பீக்கரில் போட்டு, நடுவில் பிடித்துக்கொண்டுதான் பேச வேண்டும். ஒருவர் பேசுவது எல்லாருக்கும் கேட்கும். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. லயத்தில் சுவருக்குச் சுவர் எல்லாம் கேட்டுத்தானே பழக்கம்.

அந்த மேட்டில்தான் யோகேஸ்வரன் வழக்கு வைப்பான். ஒரு வாரத்துக் குற்றங்களை மலையில் வேலை செய்யும்போதே மனதில் அடுக்கி வைத்திருப்பான். பூரணி தலைகுனிந்து போனுக்கு முன்னால் நிற்க, குவைத்திலிருந்து நிஷாந்தி ஏசுவாள். அவளுக்கு நல்ல குரல். பத்தாததற்குக் கண்ணீர். நான் யாருக்காக இங்க கிடந்து சாகுறேன் என்பதில் தொடங்கி, பூரணியின் கணிதப் புள்ளி வரைக்கும் வந்து முடியும். சுற்றி நிற்கிறவர்கள் கேட்காத மாதிரி நிற்பார்கள். அவர்களில் சிலர் பூரணியோடு ஒரே வகுப்பில் படிக்கிற பிள்ளைகள், அவர்கள் மட்டும் சிரிப்பார்கள்.

பக்கத்து வீட்டு அழகன் வெள்ளிக்கிழமை காலையிலேயே பெரட்டில் கேட்பான், "என்னா யோகேஸு, இன்னைக்குக் கோர்ட்டு உண்டா?" யோகேஸ்வரனும் சிரிப்பான். வழக்கு முடிந்து வரும் சனி, ஞாயிறு, திங்கள் வரைக்கும் வீடு ஒழுங்காக ஓடும். செவ்வாய்க்கிழமை கொஞ்சம் தளரும். புதன்கிழமை மறுபடி அந்த வார்த்தையை எடுக்க வேண்டியிருக்கும்.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. பிறகு பூரணி மேட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

முதலில் வயிற்றுவலி என்றாள். அடுத்த வாரம் வீட்டுப்பாடம் இருக்கிறது என்றாள். அதைக் கேட்டே யோகேஸ்வரன் விழித்திருக்க வேண்டும். அதற்கடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் ஆளையே காணவில்லை. லயத்துக்குப் பின்னால், போஞ்சிக் கொடி ஏற்றிய கம்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டான். வரவில்லை. கையைப் பிடித்து இழுத்தான். அவள் அழவுமில்லை, திமிறவுமில்லை. உடம்பை மண்மூட்டை போலக் கனக்க விட்டுவிட்டாள். அவனுக்கே வெட்கமாகிவிட்டது. கையை விட்டான்.

நிஷாந்தியிடம் டியூஷன் என்று சொன்னான். பிறகு காய்ச்சல் என்றான். பிறகு தூங்கிவிட்டாள் என்றான். நிஷாந்தி ஒன்றும் தெரியாதவள் அல்ல.

"புள்ளைக்கு என்கூட பேசப் புடிக்கல, அதான?" என்றாள் ஒரு வெள்ளிக்கிழமை.

அவன் மழுப்பினான். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. வேறு விஷயம் பேசுவது போல, ஒப்பந்தம் முடியப் போகிறது, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி மேடம் கேட்கிறாள் என்றாள். அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். யோகேஸ்வரன், போடாத, வந்துடு என்றான். வந்து என்ன செய்ய என்று கேட்டாள். கத்தவில்லை. ஏசவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னாள், "புள்ளைங்களுக்கே நான் வேணாம்னா, நான் எங்க இருந்தா என்னாங்க?"

அன்று படியிறங்கும்போது அவனுக்கு முழங்கால் வலித்தது. இன்னும் இரண்டு வருடம் இப்படியே எழுந்து, இப்படியே பின்னி, இப்படியே ஓட வேண்டும் என்று நினைத்தபோது, படியில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

மறுநாள் பூரணிக்குப் பிடித்த சொக்லேட் பிஸ்கட் வாங்கத் தலவாக்கலைக்குப் போனான். கடைக்கார மர்சூக் நானா, இந்த மாதிரி பிஸ்கட்டெல்லாம் பெருநாளுக்குத்தானே வாங்குவீர், வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார். மகளைப் பெண்சாதியோடு பேச வைக்க என்று யோகேஸ்வரன் சொல்லவில்லை. சும்மா என்றான். வெள்ளிக்கிழமை பூரணி பிஸ்கட்டைச் சாப்பிட்டாள். பாதிப் படி வரைக்கும் ஏறினாள். அங்கேயே உட்கார்ந்து, மிச்சத்தைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். மதுரனும் பின்னாலேயே ஓடினான். அவன் ஏன் ஓடுகிறான் என்று யோகேஸ்வரனுக்கு அப்போது விளங்கவில்லை.

விளங்க வைத்தவள் ஜீவராணி. பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள். யோகேஸ்வரனைவிட நாலைந்து வயது சின்னவள், அவளுக்கும் வீட்டில் மூன்று பிள்ளைகள். அடுத்த வாரம் ஒரு நாள் காலை அவன் மதுரனை இறக்கிவிட்டுத் திரும்பியபோது, இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் கஞ்சிக் கரண்டியுமாக வாசலுக்கு வந்து நிறுத்தினாள்.

"அண்ணே, நேத்து மதுரன் என்னா சொன்னான் தெரியுமா? நம்ம கிருஷாந்தி மக இவன் தட்ட எடுத்துருச்சு. அதுக்கு இவன், 'போன் போடவா? அம்மா வந்துரும், அம்மா வந்துரும்'னு பயமுறுத்துறான். அந்தப் புள்ள பயந்து தட்டக் குடுத்துருச்சு."

யோகேஸ்வரன் சிரிக்கப் பார்த்தான். ஜீவராணி சிரிக்கவில்லை.

"மத்த புள்ளைங்களுக்கு நாங்க பூச்சாண்டி வரும்னு சொல்லுவோம். இவனுக்கு அம்மாதான் பூச்சாண்டி. போன்ல வர்ற மொகத்தக்கூட அவன் பயந்து பாத்துருக்க மாட்டான் அண்ணே. சத்தம் மட்டுந்தான் அவனுக்குத் தெரியும்."

உள்ளே ஏதோ குழந்தை அழ, அவள் போய்விட்டாள். அவளுக்கு அதற்கு மேல் சொல்ல நேரமில்லை.

அன்று அவன் பெரட்டுக்குப் பிந்திப் போனான். கணக்கப்பிள்ளை வரிசையில் நின்ற எல்லார் முன்னிலையிலும் வைத்து ஏசினார். பிள்ளை வளர்க்கிற ஆம்பிளை வீட்டிலேயே இருந்து வளர்க்க வேண்டியதுதானே, இங்கே எதற்கு வந்தாய் என்றார். யாரோ சிரித்தார்கள். ஏச்சு சரியான ஏச்சுத்தான். அவன் பிந்தியது உண்மை. ஆனால் மலைக்கு ஏறும்போது அவன் காதில் நின்றது அந்த ஏச்சு இல்லை, அந்தச் சிரிப்பு. நாளைக்கு இந்த முகங்களுக்கு முன்னால் போய் நிற்க வேண்டுமே என்று நினைத்தபோது, வயிற்றுவலி என்று படுத்துவிடலாமா என்று தோன்றியது. செடியில் கத்தியை வைத்தவன் கொஞ்ச நேரம் வெட்டாமல் நின்றான்.

அன்று மாலையிலிருந்து அவன் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

சொல்லாமல் இருந்த முதல் வாரம் போல ஒரு வாரத்தை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. கையில் இருந்த ஒரே ஆயுதத்தையும் கீழே போட்டாகிவிட்டது. பூரணி எழும்பவில்லை. தேத்தண்ணி ஆறியது. மிரட்ட வாய் வரும், மூடிக்கொள்வான். ஒரு காலையில் ஒன்றும் தோன்றாமல், அவள் தலைமாட்டில் சப்பணம் கட்டி உட்கார்ந்துவிட்டான். அப்பாவுக்குக் களைப்பா இருக்கு புள்ள என்றான். மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை, உள்ளதைச் சொன்னான். அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். அன்று எழுந்தாள். மறுநாள் எழும்பவில்லை. அதற்கு மறுநாள் எழுந்தாள். மதுரன் சோற்றைத் துப்பினால், தட்டை எடுத்து உயரத்தில் வைத்துவிட்டு, பசிக்கும்போது கேள் என்றான். அவன் அழுது தீர்த்துவிட்டுக் கேட்டான். எல்லாவற்றுக்கும் நேரம் பிடித்தது. அம்மாவின் பெயரைச் சொன்னால் நொடியில் முடிகிற காரியம். அந்த நேரம் அவனிடம் இல்லை என்பதால்தான் அவன் அந்தப் பெயரையே எடுத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. மேட்டுக்குத் தனியாக ஏறினான். வழக்கு ஒன்றும் கையில் இல்லை. நிஷாந்தியிடம், இனிமேல் பிள்ளைகளை ஏசாதே என்றான். மதுரன் பிள்ளைக்காம்பராவில் சொன்னதையும் சொன்னான். தான்தான் அவளை அப்படி ஆக்கிவிட்டதாகவும் சொன்னான்.

நிஷாந்தி போனை முகத்துக்கு இன்னும் அருகே கொண்டுவந்தாள்.

"இங்க இருந்து நான் வேற என்னாங்க செய்யிறது?" என்றாள். "ஒரு வாய் சோறு குடுக்க முடியுமா? பேன் பாக்க முடியுமா? ஏசுறது ஒண்ணுதான் என்னால முடிஞ்சிச்சு. ஏசுனா, நானும் அந்த வீட்டுல இருக்கிற மாதிரி இருந்துச்சு. இப்ப அதையும் செய்யாதன்னா?"

சொல்லச் சொல்ல அவளுக்குக் கோபம் ஏறியது. ஒரு வருடமாக நீங்கள் சொன்னதை நம்பித்தானே ஏசினேன் என்றாள். வாரம் முழுக்க நீங்கள் நல்லவராக இருந்துகொண்டு, வெள்ளிக்கிழமைக்கு என்னைப் பேயாட விட்டீர்கள் என்றாள். அவளுடைய நல்ல குரல் முழுசாகத் திரும்பியது. காற்று வேறு பலமாக அடித்ததால் ஸ்பீக்கரும் முழுச் சத்தத்தில் இருந்தது. தாங்கியைச் சுற்றி நின்றவர்கள் தங்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அழகன் வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பினான். பூரணி ஒவ்வொரு வாரமும் நின்ற இடத்தில், அதே மாதிரி தலைகுனிந்து யோகேஸ்வரன் நின்றான்.

"காலையில புள்ளைங்களுக்கு என்னா குடுத்தீங்க?"

"ரொட்டி."

"நேத்து?"

அவன் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நேத்தும் ரொட்டிதான். அதுவும் கருகிப்போச்சு."

பூரணி படியின் மேல் விளிம்பில் நின்றிருந்தாள். லயம் வரைக்கும் கேட்டிருக்கும் போல. மதுரன் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, அப்பா ஏச்சு வாங்குவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

நிஷாந்தி பேச்சை நிறுத்தினாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் கேட்கும் மகளின் குரல் அது. யோகேஸ்வரன் போனைத் திருப்பிக் காட்டவில்லை. காட்டினால் பிள்ளை ஓடிவிடுவாளோ என்று பயந்து, அப்படியே பிடித்தபடி நின்றான்.

"ஏங்க ரொட்டியக் கருக்குனீங்க?" என்றாள் நிஷாந்தி கடைசியில். "அடுப்புல வச்சிட்டு எங்க பராக்குப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"தலை பின்னிக்கிட்டு இருந்தாங்க," என்றாள் பூரணி, ஓரடி முன்னால் வந்து. "அதுவும் கோணல். டீச்சர் கேட்டாங்க, ஒங்க வீட்டுல கண்ணாடி இல்லையான்னு."

சுற்றி நின்றவர்களால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அழகன் உரக்கச் சிரித்துவிட்டான். பூரணிக்கும் சிரிப்பு வந்தது. மேட்டில் எழுந்த சிரிப்பு முதன்முறையாக அவளைப் பார்த்து இல்லை. அடுத்தடுத்து முறைப்பாடுகள் வந்தன. அப்பா சோற்றில் உப்புப் போட மறந்தது. அப்பா சீருடையைத் துவைத்துக் காயாமல் போட்டுவிட்டது. அப்பா கதை சொல்லச் சொன்னால் பாதியிலேயே குறட்டை விடுவது. ஒவ்வொன்றுக்கும் நிஷாந்தி அவனை ஏசினாள். ஏசும்போதே பூரணியிடம், நெற்றி முடியைத் தண்ணீர் தொட்டுச் சீவச் சொல் என்றும், உப்பைச் சோறு கொதிக்கும்போதே போடச் சொல் என்றும் சொன்னாள். பூரணி அதிகாரியைப் போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

யோகேஸ்வரனுக்கு அது இனிக்கவில்லை. அன்றைக்குக் கணக்கப்பிள்ளை, இன்றைக்குப் பெண்சாதி. திங்கட்கிழமை பெரட்டில் அழகன் சும்மா விடமாட்டான். ஆனாலும் போனைப் பிடித்த கையை அவன் இறக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் பூரணி அவனுக்கு முன்னால் படியேறினாள். சொல்வதற்கு அவளிடம் எப்போதும் ஏதாவது இருந்தது. வீட்டுப்பாடம் செய்வதில் பெரிய மாற்றமில்லை. பென்சில் தொலைவதும் நிற்கவில்லை. அதையெல்லாம் யோகேஸ்வரன் அன்றன்றைக்கு, அரைத் தூக்கத்தில், அவனுக்குத் தெரிந்த அளவில் தீர்த்தான். பாதி தீரவில்லை.

பதில் சொல்ல வேண்டிய மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, நிஷாந்தி மேடத்திடம் முடியாது என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். ஒப்பந்தம் முடிந்ததும் வருகிறாள். யோகேஸ்வரன் சரி என்றான். பூரணி துள்ளவில்லை. போனை வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்டாள், "அம்மா, நீங்க வந்தா எனக்கு ஏசுவீங்களா?"

தாங்கிப் பக்கம் நின்றவர்களும் அந்தப் பதிலுக்குக் காத்திருந்தது போல இருந்தது. நிஷாந்தி யோசித்தாள்.

"ஏசுவேன்," என்றாள். "ஏசாம எப்படி இருக்கிறது? ஆனா காம்பராவுக்குள்ள வச்சு, கதவச் சாத்திட்டு ஏசுவேன். வேற யாருக்கும் கேக்காது."

பூரணி அதை எடைபோட்டுப் பார்த்தாள். பிறகு சரி என்றாள். குனிந்து, போனைத் தம்பிக்கு முன்னால் பிடித்தாள். மதுரன் ஓடவில்லை. பாவாடைக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணால் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

யோகேஸ்வரன் கொஞ்சம் தள்ளிப் போய், தாங்கியின் சிமெந்து விளிம்பில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டான். கொஞ்ச நேரத்துக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை.